ஆறு பைட்டில் ஒரு விண்வெளி

பழைய வீட்டுக் கணிப்பொறி விளையாட்டுகளை நினைத்து ஏங்குவோர் பெரும்பாலும் அவற்றின் கோட்டுப் படங்களையும் 'பீப்' ஒலியையுமே புகழ்கிறார்கள். 1984-இல் பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிக்கு வெளிவந்த 'எலைட்' விளையாட்டை, பழைய பொறியைப் போல நடிக்கும் ஒரு புரோகிராமின் துணையுடன், அடையாற்றில் என் வீட்டில் அண்மையில் மீண்டும் ஆடிப் பார்த்தேன். ஏங்கத்தக்கது படம் அன்று.

1984-85-இல் மைய அரசு 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் 250 பள்ளிகளில் இந்தப் பொறியைக் கொண்டு கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியது. மயிலாப்பூரில் நான் படித்த பள்ளிக்கும் பின்னர் ஒன்று வந்தது. துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். விளையாட்டு கூடாது என்பது முதல் விதி. பொறியின் பாகங்களை மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். எலைட்டை நான் கண்டது தியாகராய நகரில், லண்டனிலிருந்து திரும்பிய நண்பனின் வீட்டில்தான்.

பொறியின் நினைவகம் 32 கிலோபைட். அதில் திரைக்கே ஏறத்தாழ 8 கிலோபைட் போய்விடும். எஞ்சியதில் 8 விண்மீன் மண்டலங்களும், ஒவ்வொன்றிலும் 256 கோள்களும் எங்ஙனம் அடங்கின? அவை அடக்கப்படவே இல்லை! கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் வைத்தது மூன்று எண்களை மட்டுமே. மொத்தம் 6 பைட்.

நீங்களே செய்து பார்க்கலாம். 17, 42, 65 என மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 124, நூறை விட்டுவிட்டால் 24. இனி முதல் எண்ணை நீக்கி 42, 65, 24 ஆகியவற்றைக் கூட்டுங்கள்: 131, அதாவது 31. இப்படியே தொடரலாம். எலைட்டில் நூறுக்குப் பதில் 65,536. ஒரு கோளிலிருந்து அடுத்ததற்குச் செல்ல நான்கு முறை கூட்ட வேண்டும். கோளின் பெயர், இடம், அரசு, செல்வநிலை யாவும் அவ்வெண்களிலிருந்தே பிறக்கின்றன. எண்களின் பிட்டுகளைச் சுழற்றினால் அடுத்த மண்டலம். எட்டாவது சுழற்சியில் பழைய மண்டலமே வந்துவிடும்.

விதியிலிருந்து வடிவம் பிறப்பது நமக்குப் புதிதன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974-இலேயே கோலங்களை உருவாக்கும் இலக்கணத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர்.

குறையையும் சொல்லவேண்டும். இருபது கோள்களைப் பார்த்தபின் இருபத்தொன்றாவது சலிக்கிறது. பெயரும் விலையும் மாறுகின்றன. கண்ணுக்குத் தெரிவது அதே வட்டம். சுழலும் நிலையத்தின் சிறு வாயிலில் கலத்தை நுழைப்பது அன்று வீரம். இன்று எனக்குக் கைவலி.

எலைட்டின் மூல ஆணைகள் இன்று விளக்கக் குறிப்புகளுடன் எவரும் படிக்கக் கிடைக்கின்றன. அன்று எங்களுக்கு விளையாட்டை மறுத்தவர்கள் அதன் உள்ளே இருந்த கணக்கையும் சேர்த்தே மறுத்தார்கள். இன்றைய ஏக்கக்காரர்களோ விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஆணைகளைப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். என் மகளுக்குக் கலம் ஓட்டுவதில் ஆர்வமில்லை. கூட்டல் கணக்கை மட்டும் கேட்டாள். நோட்டுப் புத்தகத்தில் நாற்பது கோள்கள் வரை வந்திருக்கிறாள்.