தம்புராவுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர்

விலை உயர்ந்த ஹெட்போனை வாங்கிவிட்டு, அதற்கு எந்த ஆம்ப் சேரும் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: தம்புரா மட்டும் ஒலிக்கும் பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பஞ்சமம், இரண்டு சாரணை, மந்தரம் என நாலு தந்தியும் சுற்றி வரும் இரண்டு நிமிடம் போதும். மந்தரத்தை மீட்டியதும் அடியில் கனத்த ஒலி ஒன்று எழும். அது அடங்கும் முன்பே அதற்கு மேலே அந்தர காந்தாரம் தானாகத் துளிர்க்கும். யாரும் மீட்டாத சுரம் அது. மந்தர ஷட்ஜத்தின் ஐந்தாவது மேற்சுரம். நல்ல ஜோடியில் அந்தக் காந்தாரம் எங்கே பிறக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்த மீட்டுக்குள் எப்படிக் கரைகிறது என்று கூடவே போய்க் கேட்கலாம். ஜோடி சேராவிட்டால், கரையும் பகுதி இரைச்சலில் மூழ்கிவிடும்; இல்லையென்றால் ஆம்ப் தன் பங்குக்குச் சேர்த்த மினுமினுப்பு அதன் மேல் பூசிக் கிடக்கும்.

இந்தப் பரீட்சையைச் சொல்லத் திருச்சிக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தது திருவானைக்காவில்; ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே போய்விடும் தூரம். ஒளிச்சிதறல் ஆய்வுக்கு 1930-ல் நோபல் பரிசு பெறுவதற்கு முன்பே அவர் நம் வாத்தியங்களை ஆராய்ந்திருக்கிறார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு விழும் மேற்சுரங்கள் ஒலிக்காது என்பது ஐரோப்பிய இயற்பியல் வகுத்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி செல்லுபடியாகவில்லை என்று 1921-ல் ராமன் எழுதினார். தம்புராவின் குதிரை தட்டையாக, மெல்லிய வளைவோடு இருக்கிறது. அதன் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூல் கிடக்கிறது. அதிரும் தந்தி அந்த வளைவை உரசி உரசி விலகுவதால், இருக்கக் கூடாத மேற்சுரங்களும் உயிர் பெறுகின்றன. மேற்சுரம் இவ்வளவு செழித்த, இவ்வளவு நிதானமாக அடங்கும் வாத்தியத்தைவிட ஒரு ஆம்பைச் சோதிக்க வேறென்ன வேண்டும்?

திருச்சி கே.கே. நகரில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஆம்புக்கு முன்பே ஒரு கேள்வி தீர வேண்டும்: திறந்த முதுகு ஹெட்போனா, மூடியதா? விமான நிலையம் பக்கத்தில். சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் இறங்கும் நேரத்தில் திறந்த ஹெட்போனுக்குள் தம்புராவும் இருக்கும், விமானமும் இருக்கும். மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பதும் நடக்காத காரியம். இருந்தாலும் நான் திறந்த ஹெட்போன் கட்சி. மூடிய கிண்ணத்துக்குள் ஒலி மோதித் திரும்பும்போது மிருதங்கம் பெட்டிக்குள் வாசித்தது போலாகிவிடுகிறது; நம் வெயிலில் தோல் உறை போட்ட பஞ்சு அரை மணியில் நனைந்துவிடும். வெல்வெட் போன்ற துணி உறை கொண்ட திறந்த ஹெட்போனை வாங்கி, விடியற்காலையைக் கேட்கும் நேரமாக வைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் பொருந்தும்.

இனி கணக்கு. ஆம்ப் தேர்வில் பாதிக்கு மேல் கணக்குதான்; அதைப் போட்டுவிட்டால் மீதிப் பாதி ரசனைக்கு நிம்மதியாக இடம் கிடைக்கும். ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று ஓம் கணக்கில் மின்மறுப்பு. மற்றது உணர்திறன், அதாவது இவ்வளவு மின்சாரம் கொடுத்தால் இத்தனை டெசிபல் ஒலிக்கும் என்ற அளவு. கச்சேரிப் பதிவுகளில் சராசரி ஒலிக்கும் உச்சத்துக்கும் இடைவெளி அதிகம். பழைய வானொலிப் பதிவுகள் மொத்தமாகவே தாழ்ந்த அளவில் இருக்கும். அதனால் உச்சத்துக்கு 110 டெசிபல் வரை இடம் வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. சென்ஹைசர் எச்டி 650-க்கு 300 ஓம். 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும். 110-ஐ எட்ட அதற்கு 2.2 வோல்ட்டும் 17 மில்லிவாட்டும் போதும். பேயர்டைனமிக் டிடி 880-இன் 600 ஓம் வகைக்கு 4 வோல்ட்டை ஒட்டி வேண்டும், திறன் 25 மில்லிவாட். ஹைஃபைமேன் சுஸ்வாராவுக்கு 60 ஓம்தான், ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான் தரும். அதே 110-க்கு அது அரை வாட் கேட்கும்: ஐந்தரை வோல்ட், 90 மில்லிஆம்பியர்.

எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு பொதுவான தப்பெண்ணம் உடையும். ஓம் கூடினால் 'ஓட்டுவது கஷ்டம்' என்று கடைகளில் சொல்வார்கள். 600 ஓம் டிடி 880-க்கு வேண்டியது வோல்ட்தான். அது உறிஞ்சும் மின்னோட்டம் 7 மில்லிஆம்பியரைக்கூடத் தாண்டாது. 60 ஓம் சுஸ்வாராதான் உண்மையில் ஆம்பைப் பிழிந்தெடுக்கும். போனில் செருகும் டாங்கிள்களில் பல 1 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். எச்டி 650-இல் இன்றைய சினிமாப் பாட்டுக்கு அது தாராளம். தாழ்ந்த அளவில் பதிவான கச்சேரிக்குப் போதாது. ஒரு நல்ல மேஜை ஆம்ப் தேவைப்படுவது அங்கேதான்.

மூன்றாவது எண் ஒன்று உண்டு. அது ஹெட்போன் பெட்டியில் இருக்காது, ஆம்பின் குறிப்பேட்டில் தேட வேண்டும்: வெளியீட்டு மின்மறுப்பு. ஜோடியின் குணத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இதுதான். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக அது இருக்கட்டும் என்பது பழகிய விதி. 2011-ல் பெயர் சொல்லாத ஒரு பொறியாளர் வடிவமைத்து, வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்ட ஓ2 ஆம்பில் அது அரை ஓம் அளவுதான். யார் வேண்டுமானாலும் போர்டு வாங்கிச் சாலிடர் பிடித்துக்கொள்ளலாம். எல்ஏ 4440 ஐசியும் எஸ்டிகே ஐசியும் வைத்து வீட்டிலேயே ஆம்ப் அசெம்பிள் செய்து பழகிய தமிழ்நாட்டுக் கைகளுக்கு அது ஒரு நாள் வேலை. இதற்கு எதிர்முனையில், வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வ் ஆம்புகள் இருக்கின்றன. பாட்டில்ஹெட் கிராக் அந்த ரகம். அதன் வெளியீட்டு மின்மறுப்பு 120 ஓம் அளவில் நிற்கும்.

120 ஓமால் என்ன ஆகும் என்பதை மிருதங்கத்தில் கேட்கலாம். எச்டி 600, 650 இரண்டுக்கும் 300 ஓம் என்று எழுதியிருந்தாலும், அது எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் 500 ஓமையும் தொடும். ஆம்புக்குள்ளேயே 120 ஓம் இருந்தால், அந்த மேட்டுப் பகுதிக்கு மட்டும் மற்ற இடங்களைவிடச் சுமார் 1 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். அந்த மேட்டில் குடியிருப்பது யார்? மிருதங்கத்தின் தொப்பி. ரவைப் பசை அப்பிய இடப்பக்கத் தோலில் கையை அழுத்தி இழுக்கும் கும்கி ஏறி இறங்கும் பிரதேசம் அது. 1 டெசிபல் சின்ன எண். ஆனால் கீழ் ஸ்தாயியில் அகலமாகப் பரவும்போது, தொப்பி கொஞ்சம் பூரித்து, முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி கேட்கும். வால்வ் ஆம்பின் 'இதம்' என்று எச்டி 600 வைத்திருப்பவர்கள் சிலாகிப்பதில் ஒரு பங்கு இந்தக் கணக்குதான். தெரிந்து விரும்பினால் அதில் ஒரு குறையும் இல்லை.

மிருதங்கத்தைப் பற்றியும் ராமன்தான் வழிகாட்டி. வெறும் தோலை இழுத்துக் கட்டிய முரசில் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமையாது. அதனால் அதற்குத் தெளிவான சுருதி கிடையாது. வலந்தலையின் நடுவில் பல அடுக்காகப் பூசிய கரணையின் எடை அந்த மேற்சுரங்களை இழுத்து வரிசைப்படுத்துகிறது, ஐந்தாவது மேற்சுரம் வரை அவை தந்தி வாத்தியம்போல முழு எண்களாக விழுகின்றன என்று அவர் 1920-லும், விரிவாக 1934-லும் எழுதினார். மீட்டுச் சொல்லில் நாம் கேட்கும் அந்தச் சுருதி சுத்தம் இதன் கொடை. ஆகவே ஆம்பைச் சோதிக்கும்போது தொப்பியின் கனத்தோடு வலந்தலையின் சுருதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தொப்பி பூரிக்கும்போது மீட்டின் மணி மங்கினால், அந்த ஜோடி எனக்கு வேண்டாம்.

பிளானர் ஹெட்போன்களில் இந்தக் கதை மாறும். மெல்லிய படலம் முழுக்க மின்கம்பி ஓடும் அவற்றின் மின்மறுப்பு எல்லாச் சுருதியிலும் ஏறக்குறைய ஒரே கோடு. வால்வ் ஆம்பால் அங்கே தொப்பி பூரிக்காது, சத்தம்தான் குறையும். அவற்றுக்கு மின்னோட்டத்தை அள்ளித்தரும் டிரான்ஸிஸ்டர் ஆம்பே பொருத்தம். காதுக்குள் செருகும் பல டிரைவர் இயர்போன்களோ மறுகோடி. அவற்றின் மின்மறுப்பு சுருதிக்குச் சுருதி தாவும், உணர்திறனும் அதிகம். 1 ஓமுக்குக் கீழே வெளியீட்டு மின்மறுப்பும் துல்லியமான அமைதியும் இல்லாத ஆம்பில் அவற்றைச் செருகினால், தம்புராவுக்கு முன்பே 'ஸ்ஸ்' கேட்கும். இதனால்தான் ஒரே ஆம்ப் எல்லா ஹெட்போனுக்கும் ராஜா என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. நல்ல மிருதங்க வித்வான் பாடகரின் பாணி பார்த்து வாசிப்பதுபோல, ஆம்பும் யாருக்கு வாசிக்கிறோம் என்று தெரிந்து அமைய வேண்டும்.

குறிப்பேட்டில் வராத ஒரு விஷயம் ஒலி கூட்டும் குமிழ். ஆலத்தூர் சகோதரர்களுக்குப் பழனி சுப்பிரமணிய பிள்ளை மிருதங்கம் வாசித்த பழைய பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை 1962-ல் மறைந்தார்; அவர் காலத்துப் பதிவுகள் ஒற்றைத் தடம். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போவதால், பாட்டு நெற்றிக்கு நேராக நடுவில் நிற்க வேண்டும். குமிழை மிகக் கீழே, எட்டு மணி முள்ளின் இடத்தில் வைத்துக் கேளுங்கள். சகோதரர்கள் இருவரும் இடது காதுப் பக்கம் நகர்ந்துவிட்டார்களா? குமிழுக்குள் இருக்கும் இரண்டு தடங்களும் அங்கே ஒத்துப்போகவில்லை என்று பொருள். மெல்ல மேலே திருப்பினால் ஒன்பது, பத்து மணியில் அவர்கள் நடுவுக்கு வந்து சேர்வார்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவு அந்தக் கோணலான இடத்தில் விழுந்தால், ஆம்பின் பெருக்கம் உங்கள் ஹெட்போனுக்கு அதிகம். 'லோ கெய்ன்' சுவிட்ச் உள்ள ஆம்பாகப் பார்த்து வாங்குவது இதற்காகத்தான். தடை மாற்றியை விட்டுப் படிப்படியாக மாறும் குமிழ் வைத்த ஆம்புகளில் இந்தத் தொல்லையே வராது.

ஆம்பால் ஆகாத காரியத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கத்தில் குடியேறி வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவின் நாகஸ்வரத்தை எச்டி 800-இல் கேட்டால், சில சுரங்கள் காதில் குத்தும். 2009-ல் வந்த அந்த அற்புதமான ஹெட்போனுக்கு 6 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்முனை உண்டு. நாகஸ்வரத்தின் மேற்சுரங்கள் அங்கேதான் கூட்டம் போடுகின்றன. அதைச் சரிசெய்ய ஆம்ப் மாற்றி ஆம்ப் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கணினியிலோ போனிலோ அந்த இடத்தில் மட்டும் சில டெசிபல் குறைக்கும் ஈக்வலைசர் இதை இலவசமாகச் செய்து முடிக்கும். மௌலானாவின் ராக ஆலாபனையில் இருக்கும் பட்டுப்போன்ற நழுவல் அப்போது முழுசாக வெளிவரும்.

மின்சாரமும் கருவியில் ஒரு பாகம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானதா என்று பார்க்காமல் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது; சிங்கப்பூரிலிருந்து வந்ததற்கு அந்தப் பயம் இல்லை, பிளக் மட்டும் வேறு. மடிக்கணினியின் உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்றால், எர்த் சரியில்லை. அந்தக் கசிவு யுஎஸ்பி வழியாக ஆம்புக்குள் புகுந்து, 50 ஹெர்ட்ஸ் 'ஹும்' ஆகத் தம்புராவோடு சுருதி பேதம் செய்யும். மூன்று பின் பிளக்கும் நல்ல எர்த்தும் அதிகச் செலவில்லாத மேம்பாடு. வெள்ளிக் கம்பி கேபிளுக்குப் போகும் பணத்தை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள். கிளாஸ் ஏ ஆம்பும் வால்வும் அனல் கக்கும். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் அவற்றை அடைக்க வேண்டாம்.

இரண்டு ஆம்புகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருப்பது கட்டாயம். ஒன்று மயிரிழை கூடுதலாக ஒலித்தாலும் அதுவே நல்லது என்று காது சொல்லிவிடும். 200 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, வெளியீட்டில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து இரண்டிலும் ஒரே வோல்ட் வரும்படி குமிழைத் திருப்புங்கள். அதன் பிறகு தம்புரா, மிருதங்கத் தனி, பழைய ஒற்றைத் தடப் பதிவு, நாகஸ்வரம் என்று கேளுங்கள். பெரும்பாலும் வித்தியாசம் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்; இருக்கும் வித்தியாசத்துக்கும் மேலே சொன்ன எண்களில் ஒன்று காரணமாக நிற்கும்.

என் கணக்கில், பணத்தின் பெரும்பங்கு ஹெட்போனுக்குப் போகட்டும். அதன் இரண்டு எண்களுக்கும் பொருந்தும், இரைச்சலற்ற எளிய ஆம்ப் ஒன்று போதும். மிச்சம் நல்ல பதிவுகளுக்கு. சத்தமும் அளவோடு இருக்கட்டும்: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். இன்னொரு செலவில்லாத வேலை பாக்கி இருக்கிறது. மைக் வைக்காத வீட்டுக் கச்சேரி ஒன்றில், மிருதங்கத்துக்கு எதிரே, தம்புராவுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நிஜத் தொப்பி எவ்வளவு அடக்கமாக ஒலிக்கிறது, நிஜக் காந்தாரம் எவ்வளவு மெல்லியது என்று காதுக்குத் தெரிந்துவிட்டால், எந்தக் கடைக்காரரும் எந்த ஆம்பையும் உங்கள் தலையில் கட்ட முடியாது.