பத்தொன்பதாம் நாளில் முடியும் கதை

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நான் ஆய்வக எலிகளைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு கதையை யார் சொல்கிறார்கள், எங்கே தொடங்குகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று கேட்பது என் தொழில். மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் இந்தக் கேள்விகளை உயிரியல் பாடநூல்களிடம் கேட்டார். கருமுட்டை செயலற்றுக் காத்திருப்பதாகவும் விந்தணு போராடி வெல்வதாகவும் அவை எழுதியிருப்பதை எடுத்துக்காட்டினார். அந்த வாசிப்பைப் பிரிஎக்ளாம்ப்சியா குறித்த ஆய்வுகளுக்குப் பொருத்திப் பார்க்கிறேன்.

கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் உயர்வதும், பெரும்பாலும் சிறுநீரில் புரதம் வெளியேறுவதும் இந்நோயின் அடையாளங்கள். முற்றினால் வலிப்பு வரும். 'ஜன்னி கண்டு செத்தாள்' என்று நம் ஊர்களில் ஒரே வரியில் முடித்துவிட்ட மரணங்களில் இதுவும் இருந்திருக்கும். எக்ளாம்ப்சியா என்ற சொல்லின் கிரேக்க வேருக்குத் திடீரென மின்னுதல் என்று பொருள். 'பிரி' என்றால் முன். வலிப்புக்கு முந்தைய நிலை என்று மட்டுமே பெயர் சொல்கிறது. பிரசவத்துக்குப் பின் என்ன ஆகும் என்பதற்குப் பெயரிலேயே இடமில்லை.

எலிக்கு இந்நோய் பொதுவாகத் தானாக வருவதில்லை. ஆய்வகத்தில் உண்டாக்க வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜோயி கிரேஞ்சரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வளர்த்தெடுத்த முறை பரவலாகக் கையாளப்படுகிறது. எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 21, 22 நாள். 14ஆம் நாள் வயிற்றைத் திறந்து, பெருந்தமனியிலும் சூலகத் தமனிகளிலும் சிறு வெள்ளிக் கவ்விகளை மாட்டுகிறார்கள். கருப்பைக்குப் போகும் ரத்தம் குறைகிறது. நஞ்சுக்கொடி ஆக்சிஜனுக்குத் தவிக்கிறது. தாயின் ரத்த அழுத்தம் ஏறுகிறது. வழக்கமான செய்முறைப்படி 19ஆம் நாள் அழுத்தத்தை அளந்து, ரத்தத்தையும் திசுக்களையும் எடுக்கிறார்கள். அத்துடன் அந்த எலியின் கதை முடிகிறது. அது குட்டி போடுவதில்லை, பாலூட்டுவதில்லை, முதுமை அடைவதில்லை.

இத்தகைய மாதிரிகளால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல தலைமுறை மருத்துவர்கள் இந்நோயை 'டாக்ஸிமியா' என்றார்கள். ரத்தத்தில் ஏதோ நச்சு கலந்துவிட்டது என்று நம்பினார்கள். அந்தத் தேடலுக்கு 2003இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது. பாஸ்டனில் ஷரன் மேனார்ட், அனந்த் கருமாஞ்சி ஆகியோரின் குழு, நோயுற்ற நஞ்சுக்கொடி 'எஸ்-ஃப்ளிட்-1' என்ற புரதத்தை மிகுதியாகச் சுரப்பதைக் காட்டியது. அதைக் கர்ப்பிணி எலிகளின் உடலில் பெருகச் செய்தபோது ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கர்ப்பமில்லாத எலிகளுக்கும் அழுத்தம் ஏறியது. அவற்றின் சிறுநீரிலும் புரதம் வெளியேறியது. அதாவது, அடி விழும் இடம் தாயின் ரத்தக்குழாய். நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகும் ரத்தக்குழாய் அவளிடமே இருக்கிறது.

ஆனாலும் கதை பிரசவத்தைத் தாண்டவில்லை. கர்ப்பத்தில் அழுத்தம் ஏன் ஏறுகிறது என்பதே ஆய்வாளர்களின் கேள்வியாக இருந்தது. நஞ்சு விழுந்தால் நோய் தீர்ந்தது என்பது மகப்பேறு மருத்துவத்தின் பழைய நம்பிக்கை. குழந்தை கைக்கு வந்ததும் தாயின் உடல் கவனத்திலிருந்து விலகிவிடுகிறது. வீட்டில் நடப்பதும் அதுதானே!

2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. 34 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை அது ஒன்றுசேர்த்தது. பிரிஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்கு, வராதவர்களைவிடப் பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3.7 மடங்கு; இதயத் தமனி நோய்க்கு இரு மடங்குக்கும் மேல்; பக்கவாதத்துக்கு 1.8 மடங்கு. ஆக, மகப்பேறு ஆய்வகம் பாதியில் விட்ட கதையின் மீதி இதய ஆய்வகத்தில் இருந்திருக்க வேண்டும்.

அங்கே போனால் ஆண் எலிகள். 2011இல் பியரி, ஸக்கர் இருவரும் விலங்காய்வுக் கட்டுரைகளைத் துறைவாரியாக எண்ணிப் பார்த்தார்கள். பத்து உயிரியல் துறைகளில் எட்டில் ஆண் விலங்குகளே மிகுதி. பெண் விலங்கின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்று காரணம் சொல்லப்பட்டு வந்தது. 293 கட்டுரைகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, பெண் சுண்டெலிகளின் அளவீடுகள் ஆண் சுண்டெலிகளுடையவற்றைவிட அதிகம் மாறுபடுவதில்லை என்று காட்டியது. தூரமானால் தள்ளி உட்கார் என்பது ஆய்வகத்துக்குள்ளும் ஒரு விதியாகவே இருந்திருக்கிறது. பாலினத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கொள்கை 2016இல்தான் நடைமுறைக்கு வந்தது.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் வேறாக இல்லை. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று கண்டறிந்து 1989இல் முடிவு வெளியிட்ட புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் 22,071 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். அத்தனை பேரும் ஆண்கள். இன்று அதே ஆஸ்பிரின், குறைந்த அளவில், பிரிஎக்ளாம்ப்சியா வரும் ஆபத்துள்ள கர்ப்பிணிகளுக்குத் தரப்படுகிறது.

கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களைப் பாருங்கள். ரத்தக்குழாயின் உட்சுவரை ஆராய மிகப் பரவலாகப் பயன்படுவது தொப்புள்கொடிச் சிரையின் செல்கள். தொப்புள்கொடி குழந்தையின் உடலைச் சேர்ந்தது. தாயின் ரத்தக்குழாய்க்கு நேர்வதை அறிய, பிள்ளையின் செல்லை அவளுக்குப் பதிலாக நிறுத்துகிறோம். எளிதில் கிடைக்கிறது, எளிதில் வளர்கிறது என்ற நடைமுறைக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாய்க்குப் பதில் பிள்ளையைப் பார்ப்பது நம் பண்பாட்டுக்கு எவ்வளவு பழகிய காரியம்!

2015இல் ஒரு அமெரிக்கக் குழு கதையைப் பிரசவத்துக்கு அப்பாலும் தொடர்ந்தது. எஸ்-ஃப்ளிட்-1 மிகுந்த சுண்டெலிகளைக் குட்டி போட விட்டார்கள். அழுத்தம் இயல்புக்குத் திரும்பியது. இரண்டு மாதம் கழித்து அவற்றின் கழுத்துத் தமனியில் சிறு காயம் செய்தபோது, மற்ற எலிகளைவிட அவற்றின் தமனிச் சுவரில் தசைச் செல்கள் கூடுதலாகப் பெருகின. தழும்புத் திசுவும் கூடியது. அளவுமானி 'எல்லாம் சரி' என்று காட்டிய உடலில் ரத்தக்குழாய் பழைய அடியை மறக்கவில்லை. ஆய்வை இரண்டு மாதம் நீட்டியதால் தெரியவந்த உண்மை இது.

இப்போது மருத்துவ எழுத்தில் ஒரு புதிய உருவகம் புழங்குகிறது: கர்ப்பம் இதயத்துக்கு ஒரு பரிசோதனை, பிரிஎக்ளாம்ப்சியா வந்தவள் அதில் தோற்றவள். எச்சரிக்கைக்கு இது உதவலாம். ஆனால் ஓர் உயிரைச் சுமந்து பெற்றவளைத் 'தோற்றாள்' என்று எழுதும் பேனாவை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன். நோய் முன்பே இருந்ததா, கர்ப்பம் உண்டாக்கியதா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. 'தோல்வி' என்ற சொல் அந்த விவாதத்தை முடித்துவைத்து, பழியை அவள் உடலில் ஏற்றிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள் நேரும் இறப்பே தாய் மரணக் கணக்கில் சேரும். பிரசவத்தில் பிழைத்து, 48 வயதில் மாரடைப்பால் இறப்பவள் அந்தக் கணக்கில் இல்லை. மகப்பேற்றுக் கோப்பும் இதய மருத்துவரின் கோப்பும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனி அலமாரிகளில் கிடக்கின்றன. ஆகவே மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் அம்மாவிடம், பெரியம்மாவிடம், அத்தையிடம் பேசுங்கள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது 'பிரஷர்' இருந்ததா என்று கேளுங்கள். இருந்ததென்றால், ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், அதைச் சொல்லச் சொல்லுங்கள்.