பொழுதின் விளிம்பு

தமிழில் பால்யத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பையனின் கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பம்பரம், கோலி, கில்லி, கிணற்றுக் குளியல், பிறகு டி.வி. வந்தது, செல்போன் வந்தது, எல்லாம் போயிற்று. கவிதையிலும் இதே புலம்பல் வரி பிரிந்து கிடக்கிறது. அனுபவத்தின் இடத்தில் ஒரு சம்பிரதாயம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அந்தத் தெரு யாருடையது என்று கேட்க வேண்டும். பெரியவளானதும் வீட்டுக்குள் போய்விட்ட பெண்ணுக்குத் தெரு விளையாட்டு எத்தனை வருஷம்? எல்லாச் சாதிப் பிள்ளைகளும் எல்லாக் கிணற்றிலும் குதித்தார்களா? யந்திரம் கெடுத்துவிட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பொது உலகம் பொதுவாக இருந்ததே இல்லை. அதற்கு வெளியே நின்றவர்களுக்கு யந்திரம் எதையோ கொடுக்கத்தான் செய்தது.

வானொலியை எடுத்துக்கொள்ளலாம். 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போக, கேட்கிறவர்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித்பாரதி தொடங்கப்பட்டதற்கு இந்தத் தோல்வியும் காரணம். ஆனாலும் எழுபதுகளில்கூடத் தமிழ்நாட்டில் இலங்கை வானொலிக்கு நேயர்கள் குறைந்துவிடவில்லை. பாட்டுக் கேட்டுக் கடிதம் போட்டவர்களின் பெயர்களை அதில் படிப்பார்கள். தெருமுனை தாண்டாத ஒருத்தியின் பெயர் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. பள்ளிக்கூட ஆஜர்ப் பட்டியலுக்குப் பிறகு ஒரு வேற்றுக் குரல் தன் பெயரைச் சொல்லிக் கேட்டது வானொலியில்தான் என்பாள் என் அத்தை. பம்பரக் கதைகளில் இதற்கு இடமில்லை.

இரண்டாவது விஷயம் வடிவம் பற்றியது. ஒவ்வொரு யந்திரமும் பொழுதுக்கு வெவ்வேறு விளிம்பு கட்டுகிறது. வானொலியில் வரிசை அறிவிப்பாளருடையது. காத்திருக்க வேண்டும், தவறினால் போயிற்று. பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்த காஸெட் எண்பதுகளில் நம் ஊர்க் கடைத்தெருக்களுக்கு வந்து சேர்ந்தபோது வரிசை கேட்கிறவன் கைக்கு மாறிற்று. ரெக்கார்டிங் கடைக்குப் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொண்டுபோவார்கள். அறுபது நிமிஷக் காஸெட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். எதை முதலில் வைப்பது, எதை விட்டுவிடுவது, பக்கம் முடியும் இடத்தில் பாட்டு அறுந்துவிடாமல் எதை நுழைப்பது என்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தவன், ஒரு கவிதைத் தொகுப்பை அடுக்குகிறவன் செய்யும் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். அதன் கடைசிக் காலத்தை நானும் பார்த்திருக்கிறேன்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபின் இந்த விளிம்பு அழிய ஆரம்பித்தது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டிருக்கும் படங்களுக்குப் பக்கம் முடிவதில்லை. வரிசை மறுபடியும் பிறர் கைக்குப் போய்விட்டது. அறிவிப்பாளர் ஊருக்கெல்லாம் ஒரு பாட்டைப் போட்டார். இந்தக் கணக்கோ நாம் எதில் எத்தனை விநாடி தயங்கினோம் என்று பார்த்து ஆளுக்கொன்றாகப் போடுகிறது. ஒரே அறையில் இருக்கும் அண்ணனும் தங்கையும் ஒரே பாட்டைக் கேட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. நான் வேலை பார்க்கும் பாங்கியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் பையன் காத்திருப்பதாகவே தெரியவில்லை. காத்திருத்தல் என்ற அனுபவமே அவனிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. சிருஷ்டிக்கு அது எவ்வளவு தேவை என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். நஷ்டம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் நம்மவர்கள் சொல்கிற நஷ்டம் வேறு. 2020 ஜூனில் தடை செய்யப்படும்வரை டிக்டாக்கில் கட்டட வேலைக்காரர்களும் கிராமத்துப் பெண்களும் ஆடினார்கள், நடித்தார்கள். சினிமா அவர்களைக் கூட்டத்தில்தான் நிறுத்தியிருந்தது. அதைப் பார்த்து நம் இலக்கியவாதிகள் முகம் சுளித்த தோரணை கேஸ்கருடையது. நூறு வருஷத்துக்கு முன் நாவலைப் பற்றியும் இதே சுளிப்பு இருந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' படித்தவர்கள் அறிவார்கள். பெண்கள் கெட்டுப்போவார்கள் என்றுதான் அப்போதும் கவலை. அப்படிக் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட நாவலைத்தான் இன்று செல்போனுக்கு எதிராக நிறுத்திக் காப்பாற்றப் பார்க்கிறோம்.

செல்போனைச் சபிக்கும் கவிதைகள் நிறையப் பார்த்துவிட்டேன். அடுத்ததற்காக விரல் தள்ளுகிற, போனது எதுவென்று மனசில் நிற்காத அந்தக் கணத்தை உள்ளிருந்து எழுதிய ஒன்று இன்னும் என் கண்ணில் படவில்லை. விளிம்பில்லாத பொழுதுக்கு எழுத்தில் என்ன வடிவம் என்பது இன்று இருபது வயதில் இருப்பவர்கள் தீர்க்க வேண்டிய பிரச்னை. அவர்களிடம் பம்பரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை.