தேரடியும் மலையடியும்

யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் யோகர் சுவாமியின் குடிலுக்குப் போனவர்களுக்கு ஓர் அச்சம் இருந்தது: உள்ளே விடுவாரா, ஏசிக் கலைத்துவிடுவாரா? அதே காலத்தில் திருவண்ணாமலையில் ரமணரின் கூடத்துக்குப் போனவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. யாரும் நுழையலாம், அமரலாம், கேட்கலாம், கேளாமலே எழுந்தும் போகலாம். இருவரையும் தேடி வேற்று நாட்டார், வேற்றுச் சமயத்தார் வந்தார்கள். வரவேற்பில் மட்டும் ஏன் இத்தனை வேறுபாடு? அவரவருக்கு வாய்த்த குருவே காரணம் என்று எண்ணுகிறேன்.

ரமணருக்கு மனித குரு கிடையாது. 1896இல் பதினாறு வயதில் வீட்டைவிட்டு வந்தவர், அருணாசல மலையையே குருவாகக் கொண்டார். மலை யாரையும் சமயம் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. 1931இல் வந்த பால் பிரண்டனுக்கும், 1935இல் வந்து 1962இல் இறக்கும்வரை அங்கேயே தங்கிவிட்ட மேஜர் சாட்விக்குக்கும் தீட்சை என்ற சடங்கு நடக்கவில்லை. ‘நான் யார்?’ என்ற விசாரணையும் மௌனமுமே அவர்களுக்குக் கிடைத்தவை.

யோகருக்கு வாய்த்தவரோ செல்லப்பா சுவாமி. நல்லூர்த் தேரடியில் இருந்த அவரை ஊரார் பலர் பித்தர் என்றே நினைத்தார்கள். இரணைமடுக் குளத்து வேலையில் பண்டகசாலைப் பொறுப்பில் இருந்த இளைஞர், அவருடைய ஏச்சையும் உதறலையும் தாங்கித்தான் யோகர் ஆனார். தாம் பட்டதையே பின்னர் தம்மிடம் வந்தவர்களுக்கும் கொடுத்தார். ஒருவரைப் பாடச் சொன்னார், இன்னொருவரை வேலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். எல்லாருக்கும் ஒரே மருந்து இல்லை. ஆளுநர் நாயகமாக இருந்த சோல்பரிப் பிரபுவின் மகனும் அவரிடம் வந்து சீடராகி, சந்தசுவாமி எனப்பட்டார்.

இலங்கையில் வேறொரு வாசலும் உண்டு. தொடந்துவைக்கு அருகே, வாவித் தீவில் 1911இல் ஜெர்மானியரான ஞானதிலோகர் அமைத்த பிக்கு மடம் அது. அங்கே வழிகாட்டுவது பிக்குகளின் ஒழுக்க விதியான விநய நெறி. துறவு பூண்டவர் குறைந்தது ஐந்து ஆண்டு ஆசிரியரைச் சார்ந்திருக்க வேண்டும். இந்தக் கட்டாயத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்று ஒரு வாரம் தியான நிலையம், மறுவாரம் ஆசிரமம் என்று அலைகிறவர்களைப் பார்க்கும்போது மனம் நோகிறது. எந்த ஆசிரியருக்கும் தங்களைத் திருத்த அவர்கள் அவகாசம் தருவதில்லை. யோகரின் ஏச்சும் அந்த ஐந்து ஆண்டும் கேட்பது ஒன்றையே: இருந்து காட்டு.

அப்படியானால் ரமணரின் திறந்த கூடம் எளிய வழியா? பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோவின் வாழ்க்கை இல்லை என்கிறது. 1949இல் ரமணரைக் கண்டார். மறு ஆண்டு, குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் மோன்சானின் அடிகளோடு சாந்திவனத்தைத் தொடங்கினார். பிறகு திருக்கோவிலூர் ஞானானந்தரையும் குருவாக ஏற்றார். மதம் மாறு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அதனாலேயே அத்வைதத்தையும் திருப்பலியையும் ஒரே நெஞ்சில் சுமந்து, இரண்டுக்கும் நடுவில் அவர் நெடுங்காலம் தவித்தார். 1973இல் இந்தூரில் இறந்தபோதும் அவர் கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார்.