ஏவலாளும் குற்றவாளியும்

யூஜி ஹோரி 1983இல் என்ஈசி பிசி-6001 கணிப்பொறிக்காக எழுதிய 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு' விளையாட்டில் ஆடுகிறவனுக்கு முகமில்லை. அவன் துப்பறியும் அதிகாரி, ஏவுகிறான், அவ்வளவே. கோபே நகரில் அலைந்து விசாரித்து வந்து சொல்பவன் உதவியாளன் யாசு. கடைசியில் கொலைகாரனும் அவனே. இதை வெறும் திடுக்கிடும் திருப்பம் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். நமக்குக் கிடைத்த தகவல் பெரும்பாலும் அவன் வாய்வழி வந்தது. சொல்பவனைச் சந்தேகிக்கும் பிரக்ஞை ஆட்டத்தின் அமைப்பிலேயே புதைந்திருக்கிறது.

முதல் வடிவத்தில் கட்டளைகளை நாமே தட்டெழுத வேண்டும். சரியான வினைச்சொல் அகப்படாமல் திணறுவது அலுப்புதான். ஆனால் எதைக் கேட்பது என்று தேடுவதுதானே விசாரணை? 1985இல் ஃபாமிகாமுக்கு வந்தபோது சொற்கள் பட்டியலாகிவிட்டன, சுட்டினால் போதும். சேலத்திலிருந்து வளைவுக்கு வளைவு எண் போட்ட பாதையில் ஏற்காடு ஏறுகிற மாதிரி. (குப்பனூர்க்காரர்கள் மன்னிக்கட்டும், அவர்கள் வழி வேறு.) தேடல் போய்த் தேர்வு வந்தது. பரவலாக ஆடப்பட்டதென்னவோ இந்த வடிவம்தான்.

2023இல் ஸ்கொயர் எனிக்ஸ், நம் வாக்கியத்தைச் செயற்கை நுண்ணறிவால் புரிந்துகொள்ளும் என்று ஒரு மாதிரி வடிவத்தை வெளியிட்டது. நேரான கேள்விக்கும் யாசு புரியாமல் முனகினான். ஆடியவர்கள் இரக்கமின்றித் திட்டினார்கள். எனக்கும் அதில் உடன்பாடே.