நொரிகோ: வயது நின்றுபோன ஒரு வீராங்கனை
 
சித்திரப் படம் என்றால் சிறுவர்களுக்கானது என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நமது இலக்கிய வட்டங்களில் இன்னும் உண்டு. பாத்திர வார்ப்பைப் பற்றிப் பேச வந்தால் நாவலையும் சிறுகதையையும் தாண்டிச் செல்ல நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஒரு பெண் பாத்திரம் படிப்படியாக வளர்வதை மிகக் கச்சிதமாகச் சொன்ன படைப்பொன்றை நான் கண்டது ஜப்பானிய அனிமேயில்தான். 'கன்பஸ்டர்' என்ற அந்தப் படைப்பு 1988 - 1989 காலப்பகுதியில் ஆறே ஆறு அங்கங்களாக வீடியோவில் வெளிவந்தது. ஹிதெயாகி அன்னோ நெறியாள்கை செய்த முதற் படைப்பு அது. பின்னர் 1995இல் 'எவாஞ்சலியன்' தொடரின் மூலம் உலகப் புகழ் பெற்றவரும் அவரே.

மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் பிரமாண்டமான ரொபோவை 'மெக்கா' என்பார்கள். இக்கதையின் மெக்காதான் கன்பஸ்டர். அதை இயக்கப் பயிலும் பாடசாலை மாணவி நொரிகோ தகாயா. விண்வெளியில் அரக்க உயிரினங்களின் தாக்குதலில் அழிந்த கப்பலொன்றின் தலைவர் அவளது தந்தை. அதே கப்பலில் உயிர் தப்பிய ஓட்டா, பின்னாளில் அவளுக்குப் பயிற்றுநராக வருகிறார். வகுப்பிலேயே தடுமாறும் இப்பிள்ளையை அவர் விண்வெளிக்குத் தெரிவு செய்ய, தந்தையின் பெயரால் கிடைத்த சலுகை என்று சக மாணவிகள் பழிக்கிறார்கள்.

ஆசிரியன் என்ற வகையில் ஓட்டாவின் பாத்திரம் என்னை நிம்மதியிழக்கச் செய்தது. முயற்சியும் மனவுறுதியும் இருந்தால் எதுவும் முடியும் என்கிறார் அவர். நாமும் வகுப்பறையில் தினமும் சொல்வது அதைத்தான். ஆனால் அந்த முயற்சிக்குப் பிள்ளை கொடுக்கப்போகும் விலை என்ன என்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை.

நொரிகோவின் வளர்ச்சி நேர்கோட்டில் செல்வதல்ல. முதற் சமரில் அவள் அஞ்சி உறைந்துபோகிறாள். அவளோடு சோடி சேர்ந்த ஸ்மித் என்ற இளைஞன் அதே சமரில் மாண்டுபோகிறான். நான்காவது அங்கத்தில்தான், இன்னும் முழுமையாக்கப்படாத கன்பஸ்டரில் தனியாக ஏறிப் புறப்படுகிறாள். சாதாரணக் கதையாசிரியர் ஒருவர் இங்கே முற்றுப்புள்ளி வைத்திருப்பார். கோழை வீராங்கனையானாள், கதை முடிந்தது. அன்னோவோ உண்மையான கதையை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறார்.

ஐன்ஸ்டைன் 1905இல் சொன்ன சார்புக் கோட்பாட்டின்படி, ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்பவருக்குக் காலம் மெதுவாகவே நகரும். அவ்வேகத்தின் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கில் பயணிப்பவருக்கு ஓராண்டு கழியும்போது பூமியில் ஏறத்தாழ ஏழாண்டுகள் ஓடிவிடும். நொரிகோ சில மாதங்கள் போரிட்டுத் திரும்புகிறாள். பூமியில் பத்தாண்டுகள் கடந்திருக்கின்றன. ஒரே வகுப்பில் படித்த தோழி கிமிகோ இப்போது ஒரு குழந்தைக்குத் தாய். நொரிகோ இன்னும் பதின்ம வயதுப் பெண். ஒரே வயதினராயிருந்த இருவரும் இனி ஒரே வயதினராக ஒருபோதும் இருக்க முடியாது. நொரிகோ தன்னை அளந்துகொள்ள வேண்டியது எதிரியின் பலத்தோடல்ல, கிமிகோவின் முகத்தோடு. இப்படைப்பின் மையம் இந்தச் சந்திப்பே என்பது என் கணிப்பு.

விஞ்ஞானப் புனைவு நமக்கு அந்நியமானது என்போர் இந்த இடத்தில் சற்று யோசிக்க வேண்டும். குண்டசாலைப் பகுதிக் கிராமப் பாடசாலையில் கற்பிக்கும் எனக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். போனவளின் மனதில் பிள்ளை, விமான நிலையத்தில் விட்டுச் சென்ற அதே வயதில் நிற்கிறது. திரும்பி வரும்போது அது உம்மும்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நான் வாசித்த அளவில் நமது கதைகளில் இப்பெண்கள் காசு அனுப்புபவர்களாகவோ கொடுமைக்கு ஆளானவர்களாகவோதான் வருகிறார்கள். திரும்பி வந்து, சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக நிற்பவளின் மனதுக்குள் நுழைந்த கதைகள் குறைவு.

குறைகளும் சொல்லப்பட வேண்டும். நொரிகோவின் துயரை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் அதே கண், அவளது உடலை மலிவான ரசனையோடும் பார்க்கிறது. குளியலறைக் காட்சியும் பயிற்சி உடையும் பாத்திரத்துக்காக அல்ல, ஆண் பார்வையாளருக்காகவே வைக்கப்பட்டவை. இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் நான் பார்க்கவில்லை. தான் படைத்த பாத்திரத்துக்குப் படைப்பாளி செய்த துரோகம் இது. எதிரிக்கு முகமே இல்லாததால், கொல்வது பற்றிய கேள்வியையும் படைப்பு சுலபமாகத் தாண்டிச் சென்றுவிடுகிறது. போரைக் கண்ட நாட்டின் வாசகரால் அப்படித் தாண்ட முடியாது.

இறுதி அங்கம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வரையப்பட்டது. மூத்த மாணவி கசுமியை நொரிகோ தொடக்கம் முதலே அக்கா என்றழைப்பவள். நம் வழக்கில் ராத்தா. பயிற்றுநர் ஓட்டாவை மணந்து, அவரை நோய்க்குப் பறிகொடுத்து, பூமியில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட கசுமி இப்போது நொரிகோவுக்குச் சாச்சி முறையில் வைக்கத்தக்க வயதை எட்டியிருக்கிறாள். இருவரும் சேர்ந்து கடைசிப் பணிக்குப் போகிறார்கள். போனால் தெரிந்தவர் எவரையும் இனிக் காணமுடியாது என்பதை அறிந்தே போகிறார்கள். முதற் சமரில் உறைந்து நின்ற சிறுமியின் வளர்ச்சி முழுமை பெறுவது இங்கேதான். துணிவு என்பது பயமின்மையல்ல, இழப்பின் கணக்கைத் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவு என்பதை அவள் எந்த வசனமும் பேசாமலே உணர்த்திவிடுகிறாள்.

திரும்பும்போது பூமியில் 12,000 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. பூமி இருண்டு கிடக்கிறது. பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, 'நல்வரவு' எனும் பொருளில் ஜப்பானிய எழுத்துகள் தரையில் விரிகின்றன. அவற்றுள் கடைசி எழுத்து திரும்பிக் கிடக்கிறது. மொழி பாதி மறந்துபோன பின்னரும் யாரோ அவளை மறக்காமல் காத்திருந்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்ட எனக்கு, திருத்த மனம் வராத பிழை இதுவொன்றே.

நமது வீட்டுக்குத் திரும்பி வரும் பெண்களுக்காக இப்படி ஒரு வரியை, பிழையோடாவது, நமது எழுத்தாளர்கள் எழுத வேண்டும்.