யாஷிகா மேட் 124ஜி: புதுச்சேரி வீதிகளில் இரட்டை லென்ஸ் கேமரா

யாஷிகா மேட் 124ஜி கேமராவின் முகப்பில் இரண்டு லென்ஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே உள்ளது பார்ப்பதற்கு, கீழே உள்ளது படம் பிடிப்பதற்கு. மேல் லென்ஸின் பின்னால் 45 பாகையில் சாய்ந்திருக்கும் கண்ணாடி, காட்சியை உச்சியிலுள்ள திரையில் விழச்செய்கிறது. கேமராவை வயிற்றோடு அணைத்து, தலை குனிந்து அந்தத் திரையைப் பார்க்க வேண்டும். லென்ஸ்கள் ஒரே பலகையில் பொருந்தியிருப்பதால் சேர்ந்தே நகர்கின்றன. திரையில் துல்லியமாகத் தெரிவது ஃபிலிமிலும் துல்லியமாக விழும்.

இந்த அமைப்பைப் புகழ்பெறச் செய்தது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து 1929இல் வந்த ரோலிஃப்ளெக்ஸ். ஜப்பானின் யாஷிகா அதைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. 1970 முதல் 1986 வரை தயாரான 124ஜியில் 80 மி.மீ. லென்ஸ், 3.5 முதல் 32 வரை அபர்ச்சர், 1/500 விநாடி வரை ஷட்டர் வேகம். 120 ஃபிலிம் ரோலில் 12 சதுரப் படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு நெகட்டிவும் 35 மி.மீ. நெகட்டிவைவிட மூன்றரை மடங்குக்கும் அதிகமான பரப்பு கொண்டது. ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் எந்த வேகத்திலும் ஃபிளாஷ் வேலை செய்யும். கல்யாண வீட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் இவ்வகைக் கேமராக்கள் ஏற்றவையாக இருந்ததற்கு இவை இரண்டுமே காரணம். தமிழ் ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எண்ணிம வடிவில் காக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றின் வழியாகச் செய்திருக்கிறது.

இந்தக் கேமராவின் அருமை மனிதர்களை எடுக்கும்போதுதான் முழுதாகத் தெரிகிறது. வைசியாள் வீதியின் திண்ணையில் அமர்ந்திருப்பவரை நின்றபடி கண்மட்டத்திலிருந்து எடுத்தால், படம் அவரை மேலிருந்து பார்க்கும். மார்புக்குக் கீழே பிடித்த கேமரா அவருடைய முகத்துக்கு ஏறக்குறைய நேரே நிற்கிறது. படமெடுப்பவரின் பார்வை திரையில் இருப்பதால், எதிரில் இருப்பவருக்கு உற்றுப் பார்க்கப்படும் கூச்சம் குறைகிறது. ஷட்டரின் ஓசையும் மிக மெல்லியது. இரட்டை லென்ஸ் கேமராவை இன்றும் விடாமல் வைத்திருக்கச் செய்வது ஃபிலிம் மீதான ஏக்கத்தைவிட இந்த நிற்கும் முறையே.

கட்டடங்களுக்கு அதே உயரம் இடைஞ்சல். டூமாஸ் வீதியின் மஞ்சள் சுவர் ஒன்றிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்றால், சட்டத்துக்குள் ஏழு மீட்டர் அகலமும் ஏழு மீட்டர் உயரமுமே அடங்கும். இடுப்பளவில் நேராகப் பிடித்தால் சுவரின் நாலரை மீட்டர்தான் வரும். சட்டத்தின் கீழ்ப்பகுதியைத் தெரு எடுத்துக்கொள்ளும். மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் உள்நோக்கிக் குவியும். முழு மாளிகையை விட்டுவிட்டு வாசற்கதவையும் சன்னலையும் எடுப்பதே நல்லது. சதுரம் அவற்றுக்குப் பொருந்துகிறது.

திரையில் காட்சி இடவலம் மாறித் தெரியும். கடற்கரைச் சாலையில் வலப்பக்கம் போகும் சைக்கிள் திரையில் இடப்பக்கம் போகிறது. அதைத் தொடரக் கை பழக நாளாகும். முகத்தை நெருங்கி எடுக்கையில், படம் பிடிக்கும் லென்ஸ் தாழ்ந்து இருப்பதால், தலைக்கு மேல் சற்று அதிக இடம் விட வேண்டும். உச்சி வெயிலில் திரை மங்கும். அந்த வெளிச்சத்தில் 400 வேக ஃபிலிமுக்கு 1/500இல்கூட அபர்ச்சர் 16 தேவைப்படும். பின்னணியை மங்கலாக்க வாய்ப்பே இல்லை. 100 வேக ஃபிலிமுக்கு 8 போதும் என்பதால் இவ்வூருக்கு அதுவே மேல்.

பழைய கேமரா வாங்குபவர் முதலில் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கடலோர ஈரப்பதத்தில் பூஞ்சை சிலந்தி வலைபோல் படரும். கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் பயனில்லை. ஒரு விநாடி வேகத்தில் ஷட்டர் இழுத்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதன் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தது. அந்த பேட்டரி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் அளவு பிசகும். தனி ஒளிமானியோ கைபேசிச் செயலியோ நம்பகமானது.

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவலாம். டெவலப்பருக்கான வழக்கமான வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். புதுச்சேரிக் குழாய்த் தண்ணீர் கோடையில் அதைவிட வெகுவாகச் சூடாக இருக்கும். ரசாயனப் புட்டியை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும்.